தவுக்கே போட்ட மாலை

என் கழுத்தில் மாலை போட்ட கையை மூன்று வருடமாகச் சபித்துக்கொண்டிருந்தேன். அது தர்மலிங்கத்தின் கை. மலேசியாவில், கெடா மாநிலத்துத் திகாம் பத்துவில் லாரி பட்டறை வைத்திருப்பவர். ஊருக்கு அவர் கோயில் தலைவர், பட்டறையில் வேலை செய்த எங்களுக்குத் தவுக்கே. முதலாளியை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், மனசுக்குள் வேறு பெயர் வைத்திருந்தாலும்.

நான் பரஞ்சோதி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவர் பட்டறையில் சேர்ந்தவன். தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளும் டிராக்டர்களும் அங்கேதான் பழுது பார்க்க வரும். நான் விலகுவதற்கு முன்பு பல வருடங்கள் அங்கே தலைமை மெக்கானிக்காக இருந்தேன். தவுக்கே காலையில் வந்து சாமிக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையில் கறை படாமல் உட்கார்ந்து போன் பேசுவார். வாடிக்கையாளர்களைப் பிடிப்பது அவர், வண்டியைப் பிரிப்பது நாங்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. அவர் மகன் தேவனுக்கும் நான்தான் தொழில் கற்றுக்கொடுத்தேன். கெட்டிக்காரப் பையன். எஞ்சினில் காதை வைத்துக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான்.

அப்போதுதான் ஆஸ்திரேலியாவிலிருந்து எனக்கு வேலை வந்தது. சுரங்க ஊர் ஒன்றில் பெரிய லாரிகள் ஓட்டும் கம்பெனி. கணினியில் முகம் பார்த்துப் பேசினார்கள், கேள்வி கேட்டார்கள், பிடித்துப்போய்விட்டது. கம்பெனியே என் பெயரைக் கொடுத்து வேலை விசா எடுக்கும் என்றார்கள். அலோர் ஸ்டாரில் விசா வேலைகளைப் பார்க்கும் ஷாந்தினி மேடத்திடம் போனேன். யாழ்ப்பாணக் குடும்பம், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பேசுவார்.

“கம்பெனி கூப்பிட்டதோடை முடியேல்லை, பரஞ்சோதி. நீங்கள் உண்மையா மெக்கானிக்தானோ எண்டு அங்கை ஒரு ஆபீஸ் பாக்கும். உங்கட முதலாளிக்குப் போன் அடிச்சு, இவர் என்ன வேலை செய்தவர் எண்டு கேக்கும். அவர் சொல்லுறதுதான் முக்கியம்.”

“அதுல பிரச்சனையே இல்ல மேடம். தவுக்கே நம்மாளு.”

நம்மாளு என்று சொன்ன என் வாயை எதால் அடிப்பது?

எங்கள் சனத்திடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வேலை கிடைத்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், ஆள் விமானம் ஏறிவிட்டதாகவே முடிவு கட்டிவிடுவோம். விசா, மதிப்பீடு, அனுமதி எல்லாம் யார் காதிலும் ஏறாது. கோயில் மண்டபத்தில் எனக்கு வழியனுப்பு விருந்து வைத்தார்கள். என் மனைவி வாசுகி சுங்கை பட்டாணி தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தாள், அந்த வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். காரை விற்றோம். வந்தவர்களெல்லாம் ஸ்வெட்டர் கொடுத்தார்கள். நான் போகவிருந்த ஊரில் வெயில் கெடாவைவிட அதிகம் என்று யாருக்கும் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. சந்தோஷமாகக் கொடுப்பவர்களிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் தவுக்கே மேடை ஏறினார். ரோஜா மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“இவன் என் பட்டறையில வளந்த புள்ள. போற எடத்துல நம்ம ஊரு பேர காப்பாத்துவான்.”

கூட்டம் கை தட்டியது. தேவன் என் தோளில் சாய்ந்து அழுதான். எனக்கும் கண் கலங்கியது. அந்த மனிதனின் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினேன், அதை நினைத்தால் இன்றைக்கும் என் நெற்றி கூசுகிறது.

அதற்கு அடுத்த வாரம் ஷாந்தினி மேடம் கூப்பிட்டார். வாசுகியையும் அழைத்துக்கொண்டு போனேன். மேடம் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

“உங்களுக்கும் முதலாளிக்கும் ஏதும் கோபதாபமோ?”

“இல்லியே மேடம். போன வாரம்தான் மால போட்டாரு.”

“அவையள் அவரோடை கதைச்சிருக்கினம். நீங்கள் அங்கை எடுபிடி எண்டு சொல்லிப்போட்டார். சாமான் கழுவுறதும் கூட்டிப் பெருக்கிறதும்தான் உங்கட வேலையாம். மெக்கானிக் இல்லையாம். அதாலை மறுத்துப்போட்டினம்.”

எந்த நாளில் கேட்டார்கள் என்று விசாரித்தேன். விருந்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். என் தலையில் மண்ணைப் போட்டுவிட்டு வந்துதான் என் கழுத்தில் மாலையைப் போட்டிருக்கிறார். சொன்ன வாயும் அதேதான், மைக்கில் வாழ்த்திய வாயும் அதேதான். என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“மறுபடி போடேலாதோ மேடம்?” வாசுகி அவரைப் போலவே பேசிப் பார்த்தாள். பாவம், அழுகையை அடக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

“போடலாம். ஆனா அவர் சொன்னது அங்கை பதிவிலை கிடக்கும். நான் சொன்னது பிழை, இவர்தான் மெக்கானிக் எண்டு அவரே அவையளிட்டை சொல்லோணும். வேறை ஆரும் சொல்லிப் பிரயோசனம் இல்லை.”

ஊருக்குத் திரும்ப முகமில்லாமல் நாங்கள் கோலா கெடா படகுத்துறைக்குப் போனோம். லங்காவி படகுகள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் மீன் வாங்கிக்கொண்டு வீடு வந்தால், பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா வேலியோரம் நின்று கேட்டாள்: “என்னா ஜோதி, இன்னும் போகலியா?”

அந்தக் கேள்விதான் மூன்று வருடமாக என்னைத் தின்றது. சாப்பாட்டுக் கடையில், சாவு வீட்டில், பாசார் சந்தையில், எங்கே போனாலும் இன்னும் போகலியா. போகாதவன் என்றே ஒரு சாதி உண்டானது போல. எனக்கு ‘ஆஸ்திரேலியா ஜோதி’ என்று பெயர் வைத்தார்கள். வாசுகி வேறு தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தாள். கோயில் மண்டபப் பக்கம் அவள் போவதேயில்லை.

தவுக்கேயிடம் நேரில் கேட்டேன். “எனக்கு இங்கிலீஷ் சரியா வெளங்கலடா ஜோதி. அந்த வெள்ளக்காரி என்னா கேட்டாள்னே புரியல. எதையோ சொல்லிட்டேன்” என்றார். சரி, இப்போது கூப்பிட்டுத் திருத்திச் சொல்லுங்கள் என்றேன். “சொல்றேன்லா” என்றார். ஒரு மாதம் ஆயிற்று, தீபாவளி போயிற்று. “அவசரப்படாத, வேலையப் பாரு” என்றார். என் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சுங்கை பட்டாணி போகும் சாலையோரம் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாகப் பெங்கெல், அதாவது பட்டறை, தொடங்கினேன். முருகன் பெயரில் போர்டு மாட்டினேன். லாரிக்காரர்கள் எல்லாம் ‘ஆஸ்திரேலியா பெங்கெல்’ என்றுதான் சொன்னார்கள். முருகனுக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்?

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். போகிறேனோ இல்லையோ, அந்த மனிதன் அந்த ஆபீசிடம் தன் வாயால் சொல்ல வேண்டும், பரஞ்சோதி மெக்கானிக், நான் சொன்னது பொய் என்று. கருவிக்கொண்டே இருந்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, ஆப்பிள், திராட்சை. பெண் கேட்க வந்த மாதிரி இருந்தது. பின்னால் தேவன் கை கட்டி நின்றான். இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஆள், இன்னும் என்னைப் பார்த்தால் வெட்கப்படுவான்.

“ஜோதி, பழச மனசுல வச்சுக்காத. நல்ல காரியமா வந்திருக்கேன்.”

தட்டை வாங்காமல் நாற்காலியைக் காட்டினேன். அவரே தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். தேவனுக்கும் ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி வேறு, ஆனால் தொழிலைச் சரிபார்ப்பது அதே ஆபீஸ். மகனைப் பற்றி அப்பா சொன்னால் செல்லாது, அவனை மேற்பார்த்த ஆள், சொந்தக்காரனாக இல்லாத ஆள் ஒருவர் பேச வேண்டும் என்றிருக்கிறார்கள். கோலாலம்பூரில் ஏதோ ஏஜென்ட்டைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்திருக்கிறது, தேவனை மேற்பார்த்த ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று.

“நீதானடா அவனுக்கு வேல கத்துக் குடுத்த. ஒரு வார்த்த சொல்லு. அவன் வாழ்க்க.”

அவன் வாழ்க்கை. என் வாழ்க்கையெல்லாம் இவருக்கு ஊதுபத்திச் சாம்பல். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து வாசுகி தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தாள். மேசையில் வைத்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

“தலைவரே, தம்பிக்கு ஸ்வெட்டர் வேணுமா? எங்ககிட்ட நெறைய கெடக்கு. ஒண்ணக்கூட பிரிக்கல.”

தவுக்கே குவளையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. சீனி போட்டிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம்தான் எனக்கு அது தோன்றியது. ஷாந்தினி மேடம் சொன்னது: அவர் சொன்னது பதிவில் கிடக்கும். தவுக்கே இதை யோசிக்கவே இல்லை. போனில் சொன்ன சொல் காற்றோடு போய்விடும் என்று நினைக்கிற ஆள் அவர். நான் எடுபிடி என்றால் தேவனை நான் எப்படி மேற்பார்த்திருக்க முடியும்? நான் மேற்பார்வை செய்தது உண்மையென்றால், அன்று அவர் சொன்னது பொய். நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், அவர் போட்ட சுருக்கில் அவரே மாட்டிக்கொள்வார்.

“சொல்றேன் தவுக்கே,” என்றேன். “ஆனா உங்க பட்டறையில உக்காந்துதான் பேசுவேன். நீங்க எம்பக்கத்துல இருக்கணும். நான் ஒரு பொய்கூட சொல்ல மாட்டேன்.”

“பொய்யி எதுக்குலா? உள்ளத சொல்லு, அது போதும்.” எழுந்து என் தோளைத் தட்டினார். தேவன் குனிந்து என் காலைத் தொட வந்தான். நான் நகர்ந்துகொண்டேன்.

அவர்கள் போனதும் வாசுகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

“நானும் வந்து பாக்கவா?”

“வேணாம். உன் மூஞ்சியப் பாத்தா கண்டுபுடிச்சிருவாரு.”

தேவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லப்போனால் பிரியம்தான். ஆனால் அப்பனை அடிக்க எனக்கு வேறு கம்பு கிடைக்கவில்லை. அவனைப் பற்றிய நினைப்பு வரும்போதெல்லாம் மாலையை நினைத்துக்கொண்டேன். நினைப்பு ஓடிவிட்டது.

குறித்த நாளில் தவுக்கேயின் பட்டறைக்குப் போனேன். மேசையைத் துடைத்து, மேலே துணி விரித்து, கணினியை வைத்திருந்தார்கள். சாமி படத்துக்குப் புதுப் பூ. தவுக்கே பட்டுச் சட்டையில் வந்திருந்தார், கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அப்பா மாதிரி. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தெரிந்தாள். நடுத்தர வயது, களைத்த முகம், ஆனால் தன்மையாகப் பேசினாள். தேவனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவன் வாசல் பக்கம் லாரியோரம் போய் நின்றான். நாங்கள் பேசுவது அங்கேயும் கேட்கும்.

தேவன் என்ன வேலையெல்லாம் செய்வான் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்டுவான், பிரேக் முழுக்கப் பார்ப்பான், எஞ்சினைத் தனியாகவே இறக்குவான். சொல்லச் சொல்ல எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை. தவுக்கே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. அப்போது இந்தப் பட்டறையில் உங்கள் பொறுப்பு என்ன?

“தலைமை மெக்கானிக்,” என்றேன். “மற்ற எல்லோரும் எனக்குக் கீழே.”

அவள் என் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டாள். விசைகளைத் தட்டினாள். கொஞ்ச நேரம் எதையோ படித்தாள். நிமிர்ந்து பார்த்து, நிதானமாகச் சொன்னாள்: இதே பட்டறையின் முதலாளி முன்பு எங்களிடம் நீங்கள் மெக்கானிக் இல்லை, சுத்தம் செய்யும் உதவியாள் என்று சொல்லியிருக்கிறார். இரண்டில் எது சரி?

இந்த இடத்துக்காகத்தான் நான் அத்தனை நாள் சாகாமல் இருந்தேன்.

“மேடம், அதைச் சொன்னவர் இங்கேயே இருக்கிறார். அவரையே கேளுங்கள்.” கணினியைத் தவுக்கே பக்கம் திருப்பினேன்.

தவுக்கேயின் முகத்தில் வேர்வை பொடிப்பொடியாகத் துளிர்த்தது. என் தொடையைக் கிள்ளினார்.

“ஜோதி, ஏதாச்சும் சொல்லி சமாளிடா.”

“உள்ளத சொல்லுங்க தவுக்கே. அது போதும்னு நீங்கதான சொன்னீங்க.”

அவர் திரையைப் பார்த்துச் சிரித்தார். தனக்கு ஆங்கிலம் வராது, அன்றைக்குப் புரியாமல் தப்பாகச் சொல்லிவிட்டதாக உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் மறுபடி திரையில் எதையோ பார்த்தாள். அன்றைக்கு உங்களோடு பேசும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்திருக்கிறாரே, நீங்கள் தமிழில்தானே பதில் சொன்னீர்கள் என்றாள்.

அது எனக்கும் புதுச் செய்தி. எடுபிடி என்று இந்த ஆள் தமிழிலேயே சொல்லியிருக்கிறார். முழுசாகப் புரிந்து, நிறுத்தி, நிதானமாகச் சொல்லியிருக்கிறார்.

“அப்பா, என்னாப்பா இது?” தேவன் லாரியோரத்திலிருந்து வந்துவிட்டான். “அண்ணன எடுபிடின்னு சொன்னியா? அதனாலதான் அண்ணனுக்கு விசா கெடைக்கலியா?”

தவுக்கே மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரையில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். தமிழிலேயே சொல்லுங்கள், பரஞ்சோதி மொழிபெயர்க்கட்டும், பேச்சு பதிவாகிறது, பிறகு எங்கள் ஆளை வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறோம் என்றாள்.

“வேணும்னுதான் சொன்னேன்,” என்றார் தவுக்கே. குரல் அவருடையது மாதிரியே இல்லை. “இவன் எங்கிட்ட பெரிய மெக்கானிக்கு. இவன் போய்ட்டா தோட்டத்து லாரியெல்லாம் வேற எடத்துக்குப் போய்டும். பட்டறைய யாரு பாக்கறது? அதான் அப்பிடிச் சொன்னேன். பொய்யிதான்.”

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடவில்லை. பெரிய மெக்கானிக் என்பதை இரண்டு தரம் சொன்னேன். பொய் என்பதையும் இரண்டு தரம் சொன்னேன். வாழ்க்கையில் இவ்வளவு இனிப்பான எதையும் நான் நாக்கில் வைத்ததில்லை.

அந்தப் பெண் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிறகு அதே தன்மையான குரலில் முடிவைச் சொன்னாள். முதலாளி தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்ததாக ஒப்புக்கொண்டுவிட்டார். இனி இந்தப் பட்டறையிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் எங்களால் ஏற்க முடியாது. தேவன் இங்கே வேலை செய்த வருடங்கள் கணக்கில் சேராது.

தவுக்கே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மனசு குளிர்ந்தது. எழப் போனவன், ஏதோ நெருடவே நின்று கேட்டேன்.

“என்னுடைய வருடங்கள்?”

உங்களுடையதும்தான், ஐயா. அதே பட்டறைதானே, என்றாள் அவள். திரை அணைந்தது.

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. அவரைச் சொல்லவைத்தால் என் பெயர் நிமிரும் என்றுதான் நினைத்தேன். என் இளமை முழுவதும் அந்தச் சிமெண்டுத் தரையில்தான் போயிற்று. உண்மையைச் சொல்லவைத்த அதே கையால் அத்தனையையும் நானே அழித்துவிட்டேன். தேவன் பைப்படிக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தான். கையில் அழுக்கே இல்லை, ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தான். அவன் பக்கம் திரும்பாமல் வெளியே வந்தேன்.

வாசுகி வாசலிலேயே நின்றிருந்தாள். தவுக்கே ஒப்புக்கொண்டதைச் சொன்னபோது கை தட்டினாள். மீதியைச் சொன்னதும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நமக்கும் இல்லியா?”

“இல்ல.”

“எப்பவுமா?”

“அந்தப் பட்டறைய வச்சு எப்பவும் இல்ல.”

பிறகு கேட்டாள்: “அந்தாளு வாயால சொன்னானா இல்லியா?”

“சொன்னான்.”

“புள்ள முன்னாடி?”

“ஆமா.”

“அப்ப போதும்,” என்றாள். ஆனால் அன்று அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து தேவன் என் பெங்கெல்லுக்கு வந்தான். மோட்டார்சைக்கிளின் பின்னால் அவனுடைய கருவிப் பெட்டியைக் கட்டியிருந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன்.

“அண்ணே, வேல இருக்கா?”

“உங்கப்பா பட்டறை என்னா ஆச்சு?”

“அங்க எவ்ளோ காலம் செஞ்சாலும் செல்லாதாம். அலோர் ஸ்டார் போயி ஷாந்தினி மேடத்தப் பாத்தேன். வேற பெங்கெல்ல மூணு வருஷம் செஞ்சு, அந்த தவுக்கே நல்ல மாதிரி சொன்னா மறுபடி போடலாம்னாங்க.”

அவன் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்:

“அன்னைக்கு என்னைய வச்சுத்தான் அப்பாவ அடிச்சீங்க. தெரியும்ணே. மொத ரெண்டு நாளு உங்கள வெட்டணும் போலதான் இருந்திச்சு. ஆனா நீங்க என்னையப் பத்தி ஒரு பொய்யும் சொல்லல. உண்மையப் பேசுற தவுக்கே எனக்கு வேணும்ணே. இந்தப் பக்கத்துல வேற யாரு இருக்கா?”

சேர்த்துக்கொண்டேன். அவன் மேல் இரக்கப்பட்டு என்று சொன்னால் அது பொய். அவன் அப்பன் பார்க்க வேண்டும் என்றுதான் சேர்த்தேன். தர்மலிங்கம் தினமும் காலையில் சுங்கை பட்டாணிக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும். என் கொட்டகைக்கு முன்னால் வரும்போது அவர் கார் வேகம் குறையும். உள்ளே மகன் என் லாரிக்குக் கீழே படுத்திருப்பான். நான் வேண்டுமென்றே ரோட்டோரம் வந்து நின்று, “தேவா, அந்த வேல முடிஞ்சதா?” என்று சத்தமாகக் கேட்பேன். “ஆச்சுண்ணே” என்று அவன் குரல் வரும். கார் வேகமெடுத்துப் போய்விடும். அன்றைய காலைப் பசியாறல் எனக்கு அதுதான்.

பிறகு தோட்டத்து லாரிகள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. வேலை தெரிந்த கை எங்கே இருக்கிறதோ அங்கேதானே வண்டி வரும். தர்மலிங்கத்தின் பட்டறை பாதி நாள் கதவைத் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கோயில் தலைவர் பதவியையும் விட்டுவிட்டாராம். வயிறு குளிர்ந்தது. பக்கத்துக் கொட்டகையையும் எடுத்தேன். வாசுகி தொழிற்சாலையை விட்டுவிட்டு என் பெங்கெல்லில் உட்கார்ந்து ஆட்களையும் வண்டிகளையும் பார்த்துக்கொண்டாள். வண்டிக்காரர்கள் வந்ததும் முதலில் “தேவன் இருக்கானா?” என்றுதான் கேட்பார்கள். இருக்கிறான் என்றால் வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள். இன்னும் போகலியா என்று இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை. கேட்க அவர்களுக்கு நேரமில்லை, பதில் சொல்ல எனக்கும் நேரமில்லை.

நேற்று மத்தியானம் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது தேவன் சொன்னான்:

“ஷாந்தினி மேடம் பேசினாங்கண்ணே. என்னையக் கூப்ட்ட கம்பெனி இன்னமும் ஆளு தேடுதாம். நான் இங்க சேந்து ஒரு வருஷம் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு வருஷம் முடிச்சிட்டா எழுதிப் போட்டுரலாம்னாங்க. அப்ப உங்களுக்குத்தான் போன் அடிப்பாங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் வாசுகி முந்திக்கொண்டாள்.

“அதுக்கென்ன தம்பி, அண்ணன் நல்லபடியா சொல்வாரு.”

அவன் முகம் மலர்ந்து போயிற்று. குவளையைக் கழுவி வைத்துவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு லாரிக்குக் கீழே போய்ப் படுத்தான். அவன் காதில் விழாத தூரம் போன பிறகு வாசுகி என் பக்கம் குனிந்தாள்.

“இவன் போய்ட்டா நம்ம பெங்கெல்ல யாரு பாக்கறது?”

நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவனை அனுப்ப எனக்கு மனசே இல்லை. அந்தப் போன் வரும் நாளில் என் வாயிலிருந்து என்ன வரும் என்று சத்தியமாக எனக்கே தெரியவில்லை.